கண்ணாடி அறை மரியாதை

ஐஸ் ஹாக்கியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. பாலக்காட்டு எல்லையில் இருக்கிற எங்கள் பெருமாட்டியில் யாருக்குமே தெரியாது. வெட்கப்பட வேண்டிய விஷயம், எட்டு வருடம் அந்த வட்டாரத்தில் அந்த ஆட்டத்தின் ஒரே நிபுணனாக நான் இருந்தேன் என்பது. விதிகளை விளக்கினேன். நடுவர் விசில் ஊதினால் எதற்கு ஊதினார் என்று சொன்னேன். கேட்டவர்கள் பால் கேனைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார்கள். சொன்னதில் பெரும்பகுதி அந்தந்த நிமிடத்தில் என் மண்டையில் உதித்தது. நான் நேரில் பார்த்த மிகப் பெரிய பனிக்கட்டி, கொழிஞ்சாம்பாறை ஐஸ் பேக்டரியில் உமி தட்டிக் கொடுக்கிற பாளம்தான்.

இந்தப் பதவி எனக்கு உறவு வழியில் வந்தது. என் தாய்மாமாவின் மகன் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடியவன். மாமாவுக்குக் கால்வாய் ஓரம் தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல்வயலும் நாலு கறவை மாடும். மகள் கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனபோது, படிப்பு நன்றாக இருக்கும் என்று எட்டு வயதுப் பையனையும் கூடவே அனுப்பிவைத்தார். அவர் மனதில் இருந்தது கம்ப்யூட்டர் படிப்பு. அங்கே அக்காவின் வீட்டுக்குப் பின்னால் குளம் உறைந்து கிடந்தது. பையன் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிடக் குளத்தில் கற்றது அதிகம். பத்தொன்பது வயதில் ஒரு நாள் போன் செய்து, "அப்பா, ஐஸ்ல வேலை கெடச்சிருச்சுங்க" என்றான்.

மாமா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐஸ் பேக்டரி வேலைக்கு அத்தன தூரம் போகோணுமா மாப்ள? கொழிஞ்சாம்பாறையிலயே இருக்குதே."

அவன் ஆடியது டிவியில் வருகிற பெரிய ஆட்டம் அல்ல. அதற்கு இரண்டு மூன்று படி கீழே இருப்பது. வடக்கே சின்னச் சின்ன மில் ஊர்கள். ஊருக்கு ஓர் அணி. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஆட பத்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸிலேயே தூங்கி, இறங்கி, ஆடி, மறுபடி பஸ்ஸில் ஏறித் தூங்குவார்கள். ஒரு சீசனில் அவனை ஓர் அணி இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வேறு இரண்டு பேரை வாங்கிக்கொண்டது. செய்தி அவனுக்குக் காலைச் சாப்பாட்டின்போது போனில் வந்ததாம். நான் இதை மாமாவிடம் சொன்னபோது, பொள்ளாச்சிச் சந்தையில் நாற்பது வருடம் மாடு பிடித்தவர் என்ற முறையில் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

"வாங்கறவன் பல்லப் புடிச்சுப் பாத்துட்டுத்தான மாப்ள வாங்குவான்? இவனுக்கு முன்னால மூணு பல்லு இல்லியே. எப்புடி வாங்குனாங்க?"

பல் போனது ஆட்டத்தில்தான். மருந்து டப்பா மூடி அளவில் ஒரு கருப்பு ரப்பர் வட்டு; அது வந்து மோதினால் பல் போகும் என்று நான் விளக்கியிருந்தேன். அது உண்மையா என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு தெரிந்தது, பாதி உண்மை.

அந்த அணிகளில் ஒன்று தன் ஆட்டங்களை நெட்டில் காட்ட ஆரம்பித்தபோதுதான் என் பதவிக்காலம் தொடங்கியது. எங்கேயோ உத்தரத்தில் ஒரே ஒரு கேமராவைக் கட்டிவிட்டிருப்பார்கள். அவர்களுக்கு ராத்திரி ஏழு மணி என்றால் நமக்குக் காலை ஆறரை. பெருமாட்டியில் காலை ஆறரைக்கு எல்லா ஆண்களும் இருக்கிற இடம் ஒன்றுதான்: பால் சங்கம். எங்கள் வீட்டில் ஒரு ஜெர்சி மாடு உண்டு. கறப்பது மனைவி, கேனைத் தூக்கிப்போவது நான். நான் கதை எழுதுகிறவன்; விவசாயத்துக்கு என் பங்களிப்பு அவ்வளவே. சங்கத்துச் சுவரில் ஒரு கேனைச் சாய்த்து, அதன்மேல் என் போனை நிறுத்துவேன். பால் ஊற்றிவிட்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராகச் சுற்றி நிற்பார்கள். எதிர்ப்புறம் டீக்கடை பாய் அடுப்பை விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டுவார்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது ஆட்டமே அல்ல. இடைவேளையில் ஒரு வண்டி வந்து ஐஸ் தரையை வழித்துத் தண்ணீர் விட்டு மெழுகும். "பாருங்க, களம் மொழுகறாங்க" என்று எல்லோரும் கிட்டே வருவார்கள். அறுப்புக்கு முன் களத்துக்குச் சாணி கரைத்து மெழுகுகிறவர்களுக்கு அந்த வண்டிக்காரன் மேல் ஒரு சகோதர பாசம். அவன் ஓரத்தை விட்டுவிட்டான் என்று குறை சொல்கிற அளவுக்கு.

முதல் நாள், வண்டி போன பிறகு, மாமாவின் மகன் ஒருவனோடு உரசினான். கையுறைகள் கீழே விழுந்தன. படம் அந்த நேரம் பார்த்துத் திக்கித் திக்கி நின்றது. மறுபடி ஓடியபோது, வரிபோட்ட சட்டை அணிந்த நடுவர் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். ஓரத்தில் கண்ணாடி அடித்த ஒரு சின்ன அறை. கோட்டுப் போட்ட ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். பையன் உள்ளே போய் உட்கார்ந்தான். துண்டு கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். கதவைச் சாத்தினார்கள்.

"ஏனுங்க மாப்ள, அவன எதுக்குங்க தனியாக் கூட்டிட்டுப் போறாங்க?" என்றார் மாமா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தமிழில் அது மிகச் சுலபமான வாக்கியம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: எங்கள் ஊரில் ஒரு ஆண்பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், கதவு திறந்து, தனியாக உட்காரவைத்து, துண்டும் தண்ணீரும் கொடுப்பது யாருக்கு? கல்யாணத்தன்றைக்கு மாப்பிள்ளைக்கு. மற்ற நாளில் யாருக்கும் கிடையாது.

"மரியாதைங்க மாமா" என்றேன். "நல்லா ஆடுனவங்களுக்கு நடுவுல கூப்புட்டு அப்புடி உக்கார வெப்பாங்க. ரெண்டு நிமிசம், சில சமயம் அஞ்சு நிமிசம்."

மாமா பாயைப் பார்த்துக் கையை ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லோருக்கும் டீ.

அதுவே வழக்கமாகிவிட்டது. பையன் கண்ணாடி அறைக்குப் போனால் மாமா கணக்கில் எல்லோருக்கும் டீ. அவன் அணியில் அவனளவுக்கு உள்ளே போகிறவன் வேறு யாருமில்லை என்பதைப் பாய் முதலில் கவனித்தார். "மத்தவனெல்லாம் சும்மா ஓடறானுங்க. நம்ம தம்பியத்தான் மதிச்சு உக்கார வெக்கறாங்க." சில நாள் இரண்டு தடவை போவான். அன்றைக்குப் பருப்பு வடையும் உண்டு. எதிராளியைச் சட்டையைப் பிடித்து அவன் சாய்க்கும்போது சங்கத்து வாசலில் ஒரு ஆரவாரம் எழும். கனடாவில் அந்த நேரத்தில் எழுகிற ஆரவாரத்துக்கும் அதற்கும் காரணம் வேறு. இங்கே, நான் சொல்லிவைத்தபடி, அது கபடி மாதிரி ஆட்டத்தில் ஒரு பிடி; பிடி விழுந்தால் டீ.

இப்போது நினைத்தால் அந்த மாதங்கள்தான் எனக்கு நல்ல மாதங்கள். அங்கே பனி கொட்டுகிற காலத்தில் இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. பனைமரங்கள் விடியற்காலையிலிருந்தே சடசடவென்று அடித்துக்கொள்ளும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் ஒரு சின்ன ஒளித்துண்டைச் சுற்றிக் குனிந்து நிற்போம். கறந்த பாலின் சூடு கேன்களிலிருந்து மேலே வரும். போனில் கேட்கிற கூச்சல் எந்த மொழி என்றுகூடத் தெளிவாக இருக்காது. அந்த வெள்ளைத் தரையில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் சறுக்கிக்கொண்டு போகிறான் என்பது மட்டும் தெரியும். மாமா கண்ணை இடுக்கிக்கொண்டு, "எம்பையன் எதுங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நான் காட்டுவேன். பாதி நேரம் வேறு யாரையாவது காட்டியிருப்பேன்.

மாமாவுக்கு இதனால் கிடைத்தது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பெல்லாம் கல்யாண வீடுகளில் யாராவது, "பையன் கனடாவுல என்ன பண்றானுங்க?" என்று கேட்டால் அவர் பந்தி பரிமாறுவதைப் பார்க்கப் போய்விடுவார். இருபத்தைந்தைத் தொடப்போகிற ஆம்பிளை விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? கொல்லங்கோட்டில் ஒரு பெண் வீட்டார் இதற்காகவே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கண்ணாடி அறை வந்த பிறகு மாமா எழுந்து போவதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து, யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். "வெளையாட்டுல இருக்கானுங்க. அவனுக்குன்னு தனி ரூமே உண்டு, கண்ணாடி போட்டு" என்பார்.

மூன்றாம் வருடம் எனக்கு உண்மை தெரிந்தது. மழையால் பாலக்காட்டு பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்ட ஒரு மதியம், இவ்வளவு நாள் விளக்கிக்கொண்டிருக்கிற ஆட்டத்தைப் பற்றி ஒரு தடவை படித்துத்தான் பார்ப்போமே என்று போனில் தேடினேன். அது தண்டனை அறை. முரட்டு ஆட்டம் ஆடுகிறவனை இரண்டு நிமிடம், சண்டை போட்டவனை ஐந்து நிமிடம் உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவார்கள். சில சமயம் அவன் இல்லாத குறையோடு அவன் அணி ஆட வேண்டும். இன்னும் கீழே படித்தேன். சண்டை போடுவதற்கென்றே சில அணிகள் ஓர் ஆளை வைத்துக்கொள்ளும் என்று போட்டிருந்தது. அப்படிப்பட்டவன் கோல் போடுவது அபூர்வம். மாமாவின் மகன் கோல் போட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் அவன் முதுகில் பட்டு உள்ளே போனது.

மழை விட்டது. ஊருக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மாமாவின் நன்மைக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நிபுணர் பதவியை விட மனசில்லை என்பதும் அதில் உண்டு. இன்னும் ஐந்து வருடம் மரியாதைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

போன வருடம் தோள்பட்டை கழன்று, மறுபடி பொருத்தி, மறுபடி கழன்று, அணி அவனை விடுவித்துவிட்டது. முப்பத்து மூன்று வயது. ஊருக்கு வந்து இரண்டு மாதம் இருக்கிறேன் என்றான். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு நான்தான் காரில் போனேன். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று திட்டம். அவன் ஆறடி இரண்டு அங்குலம். முன்பல் புதிதாகக் கட்டியிருந்தான். மூக்கு இரண்டு இடத்தில் திரும்பியிருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் தமிழ் மட்டும் எட்டு வயதிலேயே நின்றுபோயிருந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் பேசுகிற அதே தமிழ்.

"மச்சான், அப்பா என் ஆட்டமெல்லாம் பாப்பாருங்களா?"

"ஒண்ணு விடாமப் பாத்தாரு."

"எல்லாத்தையுமா?" என்றான். பிறகு, "பாக்க மாட்டாருன்னு நெனச்சேன். ரெண்டு மூணு பாத்துட்டு உட்டுருவாருன்னு நெனச்சேன்" என்றான். அவன் காது சிவந்திருந்தது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தாண்டினோம். அங்கே ஒரு டீ குடித்தோம். வீட்டு வாசலில் அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

பால் சங்கம் அவனுக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தது. அட்டையில் மலையாளத்தில் "ஸ்வீகரணம்" என்று போட்டிருந்தது. மார்ச் மாதம், சாயங்காலம் ஐந்து மணி. சங்கத்துக்கு முன்னால் தார்ப்பாய்ப் பந்தல். நான் போனபோது மேடையில் ஏதோ துணி போர்த்தி நின்றுகொண்டிருந்தது. ஆள் உயரம்.

"அது என்னங்க பாய்?"

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க" என்றார் பாய் பெருமையாக. "எங்க அண்ணன் கடையில பழைய எஸ்டிடி பூத் கெடந்துச்சு. கழுவி, கண்ணாடியெல்லாம் தொடச்சுக் கொண்டாந்துட்டோம். அவிய ஊருல அத்தன மரியாதை பண்ணுறப்ப, நம்ம ஊருல சும்மா சேர் போட்டு உக்கார வெச்சா நல்லா இருக்குமுங்களா?"

துணியை விலக்கினார். உள்ளே ஒரு நாற்காலி. அதற்கு வெள்ளைத் துண்டு. பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர். கதவில் செவ்வந்தி மாலை. "உள்ளூர், வெளியூர், வெளிநாடு" என்று எழுதிய பழைய ஸ்டிக்கர் மட்டும் உரிய மறுத்துவிட்டதாம்.

பாயிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா புது வேட்டியில் மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பந்தல் நிறைய ஜனம். அவன் மேடைப் படியில் ஏறி அந்தப் பெட்டியைப் பார்த்தான். பிறகு திரும்பி, கூட்டத்தை அல்ல, என்னைப் பார்த்தான். எந்த நூலைப் பிடித்தானோ, விஷயம் முழுக்க அவனுக்குப் புரிந்துவிட்டது. மாமா அவன் கையைப் பிடித்து அழைத்துப் போனார், திரையில் அந்த நடுவர் செய்தது போலவே. கதவைத் திறந்துவிட்டார். பையன் குனிந்து உள்ளே போய், முழங்கால் கண்ணாடியில் இடிக்க உட்கார்ந்தான். மாமா கதவைச் சாத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

வரவேற்புரை என்னுடையது. பேசினேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. மற்றவர்களுக்கும் இல்லை என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது. பேசும்போது பக்கவாட்டில் பார்த்தேன். அவன் இரண்டு கைகளையும் தொடை மேல் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த உட்காரலை எட்டு வருடம் போனில் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போதுதான் தெரிந்தது: மரியாதை வாங்குகிறவன் யாரும் அப்படி உட்கார மாட்டான்.

பிறகு அவனைப் பேசச் சொன்னார்கள். வெளியே வந்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது; காது மறுபடி சிவந்திருந்தது. மைக்கை அவன் உயரத்துக்குத் தூக்கினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குத் தமிழ் கொஞ்சந்தான் வரும்." நிறுத்தினான். "இந்த ரூமு நல்ல ரூமு இல்லீங்க. இது தப்புப் பண்ணுனா உக்கார வெக்கறது. நான் நெறையச் சண்டை போட்டேன். அதுக்குத்தான் என்னை வெச்சிருந்தாங்க. எனக்கு அவ்வளவா ஆட வராதுங்க."

எல்லாத் தலைகளும் முதலில் என் பக்கம் திரும்பின. பிறகு மாமாவின் பக்கம். அவர் முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அந்தப் பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். மைக் இல்லாமல்.

"எதுக்குடா அடிச்சே?"

"எங்க டீம்ல சின்னப் பசங்க, நல்லா ஆடறவங்க இருப்பாங்கப்பா. அவங்களை இன்னொரு டீம்காரன் வேணும்னே இடிச்சுத் தள்ளுவான். கை கால் ஒடஞ்சிரும். அப்ப நான் போகோணும். அவன் பொறகு இடிக்க மாட்டான்."

"நீ போகாட்டி?"

"வேற யாரும் போக மாட்டாங்கப்பா."

கூட்டத்தில் ஓர் அசைவு. கால்வாய்ப் பாசனத்தில் பிழைக்கிற ஊர் எங்களுடையது. கோடையில் முறைத்தண்ணீர் விடுகிற நாளில் மேலே இருப்பவன் மடையை அடைத்துவிட்டால், கீழே இருக்கிற பத்து வயல்காரர்களுக்காகவும் போய் நிற்க ஒருவன் வேண்டும். ஒவ்வொரு மடைக்கும் அப்படி ஓர் ஆள் உண்டு. பயிர் வைப்பதில் கெட்டிக்காரனாக இருக்க வேண்டியதில்லை. போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான். கண்ணாடி அறை மரியாதையை அவர்கள் என் வார்த்தையை நம்பி ஏற்றுக்கொண்டிருந்தார்கள்; இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அட, மடைக்கு நிக்கறவன்!" என்றார் பின்னாலிருந்து ஒரு பெரியவர். "அத மொதல்லயே சொல்லக் கூடாதா சாமி? அடிச்சா எத்தன நேரம் உள்ள?"

"அஞ்சு நிமிசமுங்க."

"அஞ்சே நிமிசமா! அப்புறம்?"

"அப்புறம் கதவத் தொறந்து உட்டுருவாங்க."

"இங்க மடையில ஒருத்தனத் தள்ளி உட்டதுக்கு நான் பதினோரு வருசமாக் கோர்ட்டுக்கு நடக்கறேன்" என்றார் பெரியவர். பந்தலே சிரித்தது. "எனக்கும் அந்த டப்பா ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா!"

அதன் பிறகு அது பாராட்டு விழாவாகவே இல்லை. ஆளாளுக்கு மேடையேறி அவன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். எந்தக் கையால் அடிப்பான், எதிராளி எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். அவன் தன் மூன்றாம் வகுப்புத் தமிழில் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். காது சிவப்பு எப்போது போயிற்று என்று நான் கவனிக்கவில்லை. அத்தை மட்டும் அவன் தோளை அமுக்கிப் பார்த்து, "இதுலதான் வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா மேடைக்கு வரவில்லை. ஜனம் கலைந்த பிறகும் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். பாய் பூத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போய் மாமாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு அழகான நாலு வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். எழுதுகிறவனாயிற்றே.

"மாமா, நான் வேணும்னு..."

"உடுங்க மாப்ள" என்றார். மேடையில் மகன் ஒருவருக்கு, சட்டையை எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்டிக்கொண்டிருந்தான். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சண்டைன்னு அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா நான் ஆட்டத்தப் பாத்திருப்பனுங்க. நீங்க சொன்னதக் கேட்டுட்டு எட்டு வருசமா அவன் உக்காந்திருக்கறதையே பாத்துட்டு இருந்துட்டேன்."